மெகல்லன் மேகங்களின் ஓரத்தில் நான்கு நாள் வாழ்ந்த வால்

அந்த வால் சரியாக நான்கு நாட்கள் வாழ்ந்தது. என் விண்மீன் வரைபடத்தில், நம் பால்வெளிக்கு அருகே உள்ள குள்ளப் பேரடையான பெரிய மெகல்லன் மேகத்தின் மையத்திலிருந்து ஏறக்குறைய 15 பாகை தள்ளி, ஒரு பக்கம் மட்டும் மெலிந்து வளைந்து நீண்டிருந்தது. எதிர்ப்பக்கத்திலோ வெட்டிவிட்டதுபோல் விண்மீன்கள் சட்டென்று முடிந்துபோயிருந்தன. இரண்டு குள்ளப் பேரடைகள் ஒன்றையொன்று உரசிச் சென்றால் ஓரங்கள் எப்படி இருக்கும் என்று நான் படித்து வைத்திருந்தேனோ, அப்படியே இருந்தது. அந்த நான்கு நாட்களும் எனக்குச் சரியான தூக்கம் இல்லை. ஐந்தாம் நாள் என் வழிகாட்டி வரைபடத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இது இல்லை என்று காட்ட என்னென்ன செய்து பார்த்தாய்?"

என்னிடம் பதில் இல்லை. இந்த வேலையில் நான் கற்றதெல்லாம் அந்தக் கேள்விக்குப் பிறகு கற்றதுதான். இதே பாதையில் இப்போது இறங்குபவர்களுக்கு, அதிலும் விண்மீன்களின் இடத்தையும் நகர்வையும் அளந்த கையா விண்கலத்தின் பொதுத்தரவை வைத்துக்கொண்டு தனியாக முயல்பவர்களுக்கு, சில மாதங்களையாவது மிச்சப்படுத்தும் என்று நம்பி எழுதுகிறேன்.

ஓரங்களை ஏன் வரைய வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய மேகம் நம்மிடமிருந்து சுமார் 1.6 லட்சம் ஒளியாண்டு தொலைவிலும், சிறிய மேகம் சுமார் 2 லட்சம் ஒளியாண்டு தொலைவிலும் இருக்கின்றன. தென்வானில் இரண்டும் வெறுங்கண்ணுக்கே தெரியும். கடைசியாக இவை மிக நெருங்கி மோதியது ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன்பு என்று விண்மீன்களின் இயக்கத்தை அளந்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். நடுப்பகுதியில் விண்மீன்கள் விரைவாகச் சுற்றி வருவதால் மோதலின் தடம் அங்கே சீக்கிரம் கலைந்துவிடும். ஓரத்தில் அப்படியில்லை. மையத்திலிருந்து 40,000 ஒளியாண்டுக்கு அப்பால் ஒரு சுற்று முடிய நூறு கோடி ஆண்டு அளவுக்கு ஆகும். அதாவது, மோதலுக்குப் பிறகு அந்த விண்மீன்கள் தம் பாதையில் ஆறில் ஒரு பங்குகூட நகர்ந்திருக்காது. காயம் இன்னும் ஆறவில்லை. ஆறாத இடத்தில்தான் நடந்தது என்னவென்று படிக்க முடியும்.

வாயுவில் இந்தக் கதை பழையது. இரு மேகங்களையும் இணைக்கும் ஹைட்ரஜன் பாலம் 1963 முதலும், வானில் நீண்டு கிடக்கும் மெகல்லன் ஓடை 1974 முதலும் தெரிந்தவை. ஆனால் வாயுவை ஈர்ப்பு மட்டும் இழுப்பதில்லை. பால்வெளியைச் சூழ்ந்திருக்கும் வெப்ப வாயுவும் அதைத் தள்ளுகிறது. விண்மீன் அந்தத் தள்ளலுக்கு அசையாது, ஈர்ப்புக்கு மட்டுமே கட்டுப்படும். அதனால் சாட்சி என்று பார்த்தால் விண்மீன்தான் நேர்மையான சாட்சி. சிக்கல், அந்தச் சாட்சிகள் மிகக் குறைவு. ஓடை கண்டறியப்பட்டு அரை நூற்றாண்டு ஆன பிறகு, 2023-இல்தான் அதனோடு சேர்ந்து செல்லும் விண்மீன்கள் என்று 13 சிவப்பு ராட்சத விண்மீன்களைச் சுட்டிக்காட்டினார்கள். வெறும் 13.

இந்த ஓரங்களைப் புகைப்படத்தில் பார்த்துவிடலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். நாம் தேடும் அமைப்புகளின் மேற்பரப்பு ஒளி, நல்ல இருண்ட வானத்தின் இயல்பான ஒளியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஒளியாக அதைப் பார்க்க இயலாது. விண்மீன்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, இது மேகத்தைச் சேர்ந்தது, இது பால்வெளியைச் சேர்ந்தது என்று வகைப்படுத்தி, பிறகு எண்ண வேண்டும். ஓரத்தின் வரைபடம் என்பது ஒரு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு.

என் கணக்கெடுப்பை கையாவின் மூன்றாம் தரவு வெளியீட்டில் தொடங்கினேன். 2022 ஜூனில் வந்த அந்த வெளியீட்டில் சுமார் 180 கோடி ஒளிமூலங்கள் இருக்கின்றன. மேகங்களைச் சுற்றி 30 பாகை ஆரத்துக்கு எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ள முயன்றேன். வினவல் பாதியிலேயே நின்றுபோனது, மறுநாளும் நின்றது. வடிகட்டலைக் காப்பகத்திலேயே செய்துவிட்டுத் தேவையான நெடுவரிசைகளை மட்டும் இறக்குவது ஒரு வழி. வானத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்துப் பகுதி பகுதியாகக் கேட்பது இன்னொரு வழி. இதற்குத் தனிக் கணக்கீடு எதுவும் தேவையில்லை. கையா ஒவ்வொரு மூலத்துக்கும் கொடுக்கும் அடையாள எண்ணிலேயே அதன் இடம் ஒளிந்திருக்கிறது. அந்த எண்ணை 34359738368-ஆல் வகுத்து முழு எண்ணை மட்டும் எடுத்தால், வானத்தைச் சமப்பரப்புக் கட்டங்களாகப் பிரிக்கும் ஹீல்பிக்ஸ் முறையின் 12-ஆம் நிலைக் கட்ட எண் கிடைக்கும். மேலும் நான்கால் வகுக்க வகுக்க, ஒவ்வொரு நிலையாகக் கட்டம் பெரிதாகும். இதை எனக்கு யாராவது முதல் வாரத்திலேயே சொல்லியிருக்கலாம்.

ஹீல்பிக்ஸ் கட்டங்களுக்கு மாறியதில் வேறொரு தவறும் தானாகத் தீர்ந்தது. அதற்கு முன், வானத்தின் நெட்டாங்கு, அகலாங்கு போன்ற வல எழுச்சியையும் நடுவரை விலக்கத்தையும் சாதாரண எக்ஸ்-ஒய் அச்சுகள்போல் வைத்து, ஒரு பாகைக்கு ஒரு பாகை என்று சதுரம் போட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். பெரிய மேகம் இருப்பது நடுவரை விலக்கம் −70 பாகை அருகே. அங்கே அந்தச் "சதுரத்தின்" உண்மையான பரப்பு 0.34 சதுரப் பாகைதான். துருவத்தை நோக்கிப் போகப் போக விண்மீன்கள் குறைவதுபோல் தோன்றியதற்குப் பெரும்பகுதி காரணம் இதுவே. சமப்பரப்புக் கட்டங்களில் எண்ணுங்கள். படம் வரையும்போது மேகத்தின் மையத்தைத் தொடும் தளத்தில் வீழ்த்தி வரையுங்கள்.

இப்போது அந்த வாலுக்கு வருகிறேன்.

மேகத்து விண்மீன்களைப் பால்வெளி விண்மீன்களிலிருந்து பிரிக்க மூன்று சல்லடைகள் உண்டு. முதலாவது இடமாறு தோற்றம், பூமி சூரியனைச் சுற்றும்போது விண்மீன் இடம் மாறுவதுபோல் தோன்றும் அளவு. மேகத்தின் தொலைவில் அது 0.02 மில்லி வில்நொடி (ஒரு மில்லி வில்நொடி என்பது ஒரு பாகையில் 36 லட்சத்தில் ஒரு பங்கு), அதாவது கையாவின் அளவீட்டுக்குக் கிட்டத்தட்ட சுழியம். ஆகவே இடமாறு தோற்றம் தெளிவாகத் தெரியும் எந்த விண்மீனும் நம் பக்கத்து ஆள், தள்ளிவிடலாம். இரண்டாவது நிறமும் பொலிவும். சிவப்பு ராட்சத விண்மீன்கள் நிற–பொலிவு வரைபடத்தில் சாய்வான ஒரு கிளையாக நிற்கும். அந்தக் கிளையின் அடியில் பொலிவெண் (எண் கூடக் கூட விண்மீன் மங்கல்) 19 அருகே ஒரு திரள் இருக்கும். அதைச் செங்கொத்து என்று சொல்கிறேன். மூன்றாவது சுய இயக்கம், வானில் விண்மீன் ஆண்டுதோறும் நகரும் அளவு. பெரிய மேகம் மொத்தமாக ஆண்டுக்கு ஏறக்குறைய 1.9 மில்லி வில்நொடி நகர்கிறது. நான் என்ன செய்தேன் என்றால், மேகத்தின் மையத்தில் அளந்த சுய இயக்கத்தைச் சுற்றி ஒரு சிறு பெட்டி போட்டு, அதற்குள் விழுந்தவற்றை மட்டும் மேகத்துடையவை என்று கொண்டு, அதே பெட்டியை 30 பாகை முழுவதற்கும் பயன்படுத்திவிட்டேன்.

மேகம் ஒரு புள்ளியாக இருந்தால் அது சரி. ஆனால் இது வானின் பெரும் பகுதியை அடைத்துக்கொண்டிருக்கும் பொருள். தென் துருவத்துக்கு இவ்வளவு அருகே, மையத்திலிருந்து 15 பாகை பக்கவாட்டில் போனாலே "வடக்கு" என்னும் திசை 40 பாகைக்கும் மேல் திரும்பிவிடுகிறது. ஒரே திசையில் ஒரே வேகத்தில் போகும் இரண்டு விண்மீன்களுக்கு, வல எழுச்சி, நடுவரை விலக்கம் என்ற கூறுகளில் முற்றிலும் வேறு எண்கள் வரும். இது போதாதென்று, மேகம் நம்மைவிட்டு நொடிக்கு சுமார் 262 கிலோமீட்டர் வேகத்தில் விலகுகிறது. மையத்தில் அது முழுக்கப் பார்வைக் கோட்டின் வழியே இருப்பதால் வானில் நகர்வாகத் தெரியாது. மையத்திலிருந்து 20 பாகை தள்ளிப் பார்த்தால் அதில் ஒரு பகுதி பக்கவாட்டு நகர்வாக மாறி, ஆண்டுக்கு 0.38 மில்லி வில்நொடி அளவுக்கு வந்துவிடும். விலகிச் செல்லும் கூட்டம் மையத்தை நோக்கிச் சுருங்குவதுபோல் தோன்றும். என் பெட்டியோ இதைவிட அகலம் குறைந்தது. ஆக, ஒரு பக்கத்து உண்மையான மேக விண்மீன்களை என் பெட்டியே வெளியே தள்ளியது. இன்னொரு பக்கத்தில் தற்செயலாகப் பொருந்தியவற்றை உள்ளே விட்டது. வெட்டப்பட்ட ஓரமும் வளைந்த வாலும் அப்படி வந்தவை.

சரிசெய்யும் வழி கடினமில்லை. இடங்களையும் சுய இயக்கங்களையும் மேகத்தை மையமாகக் கொண்ட ஆயங்களுக்கு மாற்றிவிட்டால் வடக்கு சுழலும் தொல்லை போய்விடும். பிறகு மேகத்தின் முப்பரிமாண வேகத்தை வைத்து, ஒவ்வொரு இடத்திலும் எதிர்பார்க்க வேண்டிய நகர்வு என்ன என்று கணக்கிட்டு அதைக் கழிக்க வேண்டும். பெட்டியின் அகலத்தையும் விண்மீனின் அளவீட்டுப் பிழைக்கு ஏற்ப மாற்ற வேண்டும். மங்கலான விண்மீனுக்குப் பிழை பெரிது. பொலிவெண் 20-இல் அது ஆண்டுக்கு 0.5 மில்லி வில்நொடி வரை போகிறது. நிலையான பெட்டி மங்கல் விண்மீன்களையே அதிகம் இழக்கும். இதைச் செய்து முடித்து மறுபடி வரைந்தபோது வால் இல்லை. அந்த வெற்றிடத்தைப் பார்த்தபோது நெஞ்சு கனத்தது, மறைக்க மாட்டேன். ஆனால் எதிர்ப்பக்கத்து வெட்டும் மறைந்து, மேகம் இரு பக்கமும் இயல்பாக மெலிந்து போனது. அந்தப் படம் முதன்முறையாக நம்பத் தகுந்ததாக இருந்தது.

அதற்குப் பிறகு எந்த அமைப்பு தெரிந்தாலும் அதை மறுக்கும் வேலையை முதலில் செய்கிறேன். சந்தேகிக்க வேண்டியவற்றின் பட்டியல் நீளம். சிறிய மேகத்துக்கு அருகே ஒரு வட்டத் திரள் தெரிந்தால் அது 47 டுக்கானே என்ற கோளக் கொத்தாக இருக்கலாம். அது சுமார் 15,000 ஒளியாண்டு தொலைவில், நமக்கு முன்னால் நிற்கிறது. என்ஜிசி 362-உம் அப்படியே. இரண்டையும் தாராளமான ஆரத்தில் மறைத்துவிடுவது நல்லது. பெரிய மேகத்திலிருந்து 20 பாகை அளவில் கரீனா குள்ளப் பேரடை இருக்கிறது. அதன் திசையில் மேகத்தின் விண்மீன்களே முன்புறத்தில் கலந்திருப்பதை ஆய்வாளர்கள் முன்பே கவனித்திருக்கிறார்கள், ஆகவே கலப்பு இருபுறமும் உண்டு.

கருவியின் சொந்தத் தடங்கள் இன்னும் நயவஞ்சகமானவை. கையா வானத்தைப் பட்டை பட்டையாக வருடி அளந்தது. சில இடங்களைப் பலமுறை பார்த்தது, சில இடங்களைக் குறைவாக. மங்கல் விண்மீன்களை எண்ணினால் அந்தப் பட்டைகள் அப்படியே விண்மீன் ஓடைகள்போல் படத்தில் விழும். அனுபவசாலிகளையே இது சோதித்திருக்கிறது. கையாவின் முதல் வெளியீட்டை வைத்து, ஆர்ஆர் லைரே மாறுமீன்களால் (பொலிவு சீராகக் கூடிக் குறையும் முதிய விண்மீன்களால்) ஆன பழைய பாலம் ஒன்று இரு மேகங்களுக்கும் நடுவே இருப்பதாக 2017-இல் ஒரு ஆய்வு வந்தது. நீண்டகாலமாக மேகங்களைக் கண்காணித்துவரும் ஓக்ல் குழுவினர் தங்கள் பட்டியலில் அப்படித் தெளிவான தொடர்பு இல்லை என்றும், அந்தத் தோற்றத்தில் பொய் மூலங்களுக்குப் பங்கு உண்டு என்றும் பிறகு காட்டினார்கள். முதல் ஆய்வைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அன்றைய தரவில் கேட்க வேண்டிய கேள்வி அது, அடுத்தவர் சரிபார்த்ததும் முறையானது. நீங்கள் காணும் ஓடை எந்தத் திசையில் ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் கையா எத்தனை முறை பார்த்தது என்ற வரைபடத்தைப் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒரே திசையில் ஓடினால் உங்கள் ஓடையை விட்டுவிடுங்கள்.

மேகத்துக்கு முன்னால் நிற்கும் பால்வெளி விண்மீன்களுக்கு நான் வைத்திருக்கும் சோதனை எளியது. இன்றுவரை என்னைக் கைவிடவில்லை. பால்வெளித் தட்டு பெரிய அளவில் சமச்சீரானது. பால்வெளி மையத்தின் திசையிலிருந்து அளக்கும் பால்வெளி நெட்டாங்கில் மேகம் 280 பாகையில் இருக்கிறது என்றால், அதன் கண்ணாடிப் பிம்பம் 80 பாகையில், அதே அகலாங்கில் இருக்கும். அங்கே மேகம் இல்லை, பால்வெளி மட்டும் உண்டு. என் சல்லடைகள் மூன்றையும் அப்படியே எடுத்துச் சென்று அந்த இடத்தில் ஓட்டுவேன். அங்கேயும் ஒரு சதுரப் பாகைக்கு அதே எண்ணிக்கை வந்தால், இங்கே நான் எண்ணியது மேகத்தை அல்ல. தூசியின் அளவு இரண்டு இடத்திலும் ஒன்றாக இராது என்பதால் தூசி விண்மீன்களை மங்கலாக்கிச் சிவப்பாக்குவதற்கான சிவப்பேற்றத் திருத்தத்தை முதலில் செய்துவிட வேண்டும். வழக்கமான முழுவானத் தூசி வரைபடத்தை மேகங்களின் நடுப்பகுதியில் நம்பக் கூடாது, ஓரத்தில் நம்பலாம்.

மென்மையாக்கல், அதாவது ஒவ்வொரு கட்டத்தின் எண்ணிக்கையையும் அக்கம்பக்கத்தோடு சராசரியாக்குவது பற்றி ஒன்று. ஒரு கட்டத்தில் சராசரியாக நான்கு விண்மீன்கள் என்றால், தற்செயலாலேயே இரண்டு கூடும் அல்லது குறையும். அந்த இரைச்சலின் மேல் மென்மையாக்கியை ஓட்டினால் அழகான இழைகள் தோன்றும். நம் கண்ணும் புள்ளிகளை இணைத்துப் பார்க்கப் பழகியது. இதை எனக்கு நானே நிரூபிக்க, சராசரி அடர்த்தியிலிருந்து தற்செயல் எண்களால் 19 பொய் வரைபடங்கள் உருவாக்கி, உண்மையானதை நடுவே கலந்து, எது எது என்று தெரியாத ஒரு நண்பரிடம் கொடுத்தேன். தெளிவான ஓடை எந்தப் படத்தில் இருக்கிறது என்று கேட்டேன். தயங்காமல் ஒரு பொய் வரைபடத்தைக் காட்டினார். அன்று என் குறிப்பேட்டில் வட்டமிட்டு வைத்திருந்த ஆறு "அமைப்பு"களில் ஐந்தை அடித்தேன்.

அடிக்காத ஒன்று வடக்கே இருந்த வில். பெரிய மேகத்தின் மையத்திலிருந்து ஏறத்தாழ 44,000 ஒளியாண்டு தொலைவில், மேகத்தின் விளிம்போடு சேர்ந்தாற்போல் வளைந்து ஓடியது. சல்லடைகளை மாற்றினேன், கட்டங்களின் அளவை மாற்றினேன், பொலிவான பாதியையும் மங்கலான பாதியையும் தனித்தனியே வரைந்தேன். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நின்றது. அது எனது கண்டுபிடிப்பு அல்ல. டார்க் எனர்ஜி சர்வே என்ற பெரிய வான ஆய்வின் தரவிலிருந்து 2016-இலேயே அறிவிக்கப்பட்டது. பின்னர் அதன் விண்மீன்களின் நிறமாலையை எடுத்தவர்கள், அவை பெரிய மேகத்தின் தட்டிலிருந்தே இழுக்கப்பட்டவை என்று கண்டார்கள். ஆனாலும் வேறு தொலைநோக்கி, வேறு தரவு, வேறு முறையில், வீட்டு மேசையில் இருந்த ஒரு கணினியில் அந்த வில் எழுந்து வந்தபோது எனக்குண்டான மகிழ்ச்சி முதலில் கண்டவர்களுடையதைவிடக் குறைந்ததாக நான் நினைக்கவில்லை. புதிதாகத் தொடங்குபவர்கள் இந்த வில்லை வைத்தே பழகுங்கள். உங்கள் முறை இதை மீட்டெடுக்கவில்லை என்றால் புதிய எதையும் கண்டதாக நம்ப வேண்டாம்.

தட்டையான வரைபடத்தில் தெரியாத ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. சிறிய மேகத்தின் கிழக்கு ஓரத்தில், பாலம் தொடங்கும் பக்கம், மையத்திலிருந்து மூன்று நான்கு பாகை தள்ளிய விண்மீன்களை எடுத்துச் செங்கொத்தின் பொலிவை வரைந்து பாருங்கள். செங்கொத்து விண்மீன்கள் ஏறக்குறைய ஒரே உள்ளார்ந்த பொலிவு கொண்டவை. ஆகவே ஒரே தொலைவில் இருந்தால் ஒரே ஒரு முகடுதான் வர வேண்டும். அங்கே இரண்டு முகடுகள் வருகின்றன, நடுவே அரைப் பொலிவெண்ணுக்குச் சற்றுக் குறைந்த இடைவெளி. அந்த இடைவெளியைத் தொலைவாக மாற்றினால் கிட்டத்தட்ட 40,000 ஒளியாண்டு வருகிறது. வானில் ஒரே மங்கல் திட்டாகத் தெரிவது உண்மையில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இரண்டு கூட்டங்கள். முன்னால் நிற்பது, பெரிய மேகம் சிறிய மேகத்திலிருந்து உருவியெடுத்த விண்மீன்கள் என்பதே இதை ஆராய்ந்தவர்களின் விளக்கம். சுய இயக்க அம்புகளைப் போட்டால், பாலத்தின் பக்கம் உள்ளவை பெரிய மேகத்தை நோக்கிச் சாய்கின்றன. நானே வரைந்த படங்களில் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தது இந்த இரண்டு முகடுகளைத்தான். ஒரு பேரடை கிழிபடுவதை ஒரு வரைகோட்டின் இரண்டு மேடுகளில் பார்க்க முடியும் என்று அதற்கு முன் எனக்குத் தோன்றியதில்லை.

கையாவோடு நின்றால் ராட்சத விண்மீன்கள் மட்டுமே கிடைக்கும். எண்ணிக்கை பெருக வேண்டுமென்றால் பழைய விண்மீன்களின் முதன்மைத் தொடர் திரும்பும் இடம்வரை (சூரியனைப் போன்ற விண்மீன்கள் ராட்சதராக மாறத் தொடங்கும் நிலை), செங்கொத்தைவிட மூன்றரைப் பொலிவெண் ஆழத்துக்கு, இறங்க வேண்டும். சிலியில் செர்ரோ டொலோலோ மலைமேல் உள்ள நான்கு மீட்டர் பிளாங்கோ தொலைநோக்கியின் டார்க் எனர்ஜி கேமரா அதைச் செய்கிறது. 57 கோடி படப்புள்ளிகள், ஒரே படத்தில் மூன்று சதுரப் பாகை. மேகங்களுக்கென்றே அதில் நடத்தப்பட்ட ஸ்மாஷ் ஆய்வின் தரவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. அந்த ஆழத்தில் எதிரி மாறிவிடுகிறது. பால்வெளி விண்மீன்கள் தொல்லையாக இராது, விண்மீன்போல் புள்ளியாகத் தெரியும் தொலைதூரப் பேரடைகள்தான் தொல்லை. அவை திரளாக இருக்கும் இயல்புடையவை என்பதால் பொய் அமைப்புகளை அள்ளித் தரும். காற்றின் கலக்கம் அதிகமாக இருந்த இரவில் எடுத்த படத்தில் இவை இன்னும் கூடும். எனவே ஒரு படத்தின் எல்லையோடு உங்கள் அமைப்பின் எல்லை ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள்.

என் வரைபடத்தில் இப்போது ஒரே ஒரு கேள்விக்குறி மிச்சமிருக்கிறது. பெரிய மேகத்தின் தெற்கே, அறியப்பட்ட அமைப்புகளுக்குச் சற்று வெளியே, எதிர்பார்த்ததைவிட முப்பது நாற்பது விண்மீன்கள் கூடுதலாக உள்ள ஒரு திட்டு. பிம்ப இடத்தில் அது வரவில்லை, கையாவின் பட்டைகளோடும் ஒத்துப்போகவில்லை. ஆனால் மங்கலான பாதியில் மட்டும் தெரிகிறது, பொலிவான பாதியில் மறைந்துவிடுகிறது. மூன்றாம் வெளியீடு 34 மாத அளவீடுகளால் ஆனது. 2026 டிசம்பருக்கு அறிவிக்கப்பட்டிருக்கும் நான்காம் வெளியீடு 66 மாதங்களைக் கொண்டிருக்கும். சுய இயக்கப் பிழைகள் பாதிக்கும் கீழே இறங்க வேண்டும். அந்தத் திட்டின் விண்மீன்கள் மேகத்தோடு சேர்ந்து நகர்கின்றனவா இல்லையா என்று அப்போது தெரிந்துவிடும். எந்தெந்த எண்கள் வந்தால் அது மேகத்தைச் சேர்ந்தது அல்ல என்று ஒப்புக்கொள்வேன் என்பதை இப்போதே எழுதி, தேதியிட்டு, என் வழிகாட்டிக்கு அனுப்பிவிட்டேன். வரைபடத்தில் அந்த இடத்தைப் புள்ளிக்கோட்டால் சுற்றியிருக்கிறேன். பெயர் எதுவும் வைக்கவில்லை.